நான்கு நிமிடம் இருபது விநாடி

கணினி வலைப்பின்னல்களைப் பராமரிப்பவர்களின் அனுபவங்களை இலக்கிய வாசகர்கள் ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. எங்கள் தொழிலின் பெரும்பகுதி சலிப்பூட்டுவதே. அறுந்த கேபிள், எரிந்துபோன அடாப்டர், எலி கடித்த ஃபைபர், துளை மாற்றிச் செருகப்பட்ட இணைப்பு என்று காரணம் தெரிந்த மறுகணமே மறந்துவிடத் தக்கவை அவை. ஆனால் ஒரு வகைப் பழுது மட்டும் எளிதில் மறப்பதில்லை. அது சத்தம் போடாது. விளக்குகள் பச்சையாக எரியும்; எல்லாச் சோதனைகளும் நலம் என்றே பதில் தரும்; அனுப்புகிறவர் அனுப்பிக்கொண்டே இருப்பார்; பெற வேண்டியவருக்கு மட்டும் எதுவும் வந்து சேராது. வந்து சேரவில்லை என்பது இருவருக்குமே தெரியாது. மல்டிகாஸ்ட் எனப்படும் பரிமாற்ற முறையில் நேரும் பழுதுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அப்படியொரு பழுதினால் ஒரு மனிதர் மீது பழி விழுந்ததையும், அந்தப் பழி நீங்கிய விதத்தையும் எழுதிவைக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியது.

முதலில் மல்டிகாஸ்ட் என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். ஒரு செய்தியை மூன்று விதமாக அனுப்பலாம். ஒருவருக்கு ஒரு கடிதம் என்று எழுதுவது முதல் முறை. இணையத்தில் நாம் செய்வது ஏறக்குறைய எல்லாம் இதுதான். ஒரே கிரிக்கெட் ஆட்டத்தை இலட்சம் பேர் பார்த்தால், கடைசிக் கட்டத்தில் இலட்சம் கடிதங்கள் தனித்தனியாகப் போகின்றன. தண்டோரா போடுவது இரண்டாம் முறை. வேண்டியவர், வேண்டாதவர் என்ற வேறுபாடின்றி எல்லோர் காதிலும் விழும்; ஆனால் ஊர் எல்லையோடு நின்றுவிடும். மூன்றாம் முறைக்குச் சிற்றிதழ் விநியோகத்தைவிடப் பொருத்தமான உவமை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

சென்னையில் அச்சாகும் ஓர் இதழ் மதுரைக்கும் தேனிக்கும் நாகர்கோவிலுக்கும் போக வேண்டும். ஆசிரியருக்கு வாசகர்களின் பெயர் தெரியாது, எண்ணிக்கையும் தெரியாது. வாசகர் தம் ஊர் முகவரிடம் 'எனக்கு ஒன்று வேண்டும்' என்கிறார். அந்த முகவர் தமக்கு மேலே உள்ள ஊரின் முகவரிடம் சொல்கிறார். வேண்டுகோள் ஊர் ஊராக ஏறி அச்சகத்தை அடைகிறது. இதழ் அதே வழியில் இறங்கி வருகிறது. பேருந்தில் ஏறுவது கட்டுக்கூட அல்ல, ஒரே ஒரு பிரதிதான். வழி பிரியும் ஊரில் மட்டுமே நகல் எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், அதுதான் மல்டிகாஸ்ட். இங்கே முகவர்கள் என்று சொன்னவை ரௌட்டர்கள், ஸ்விட்சுகள். இந்த ஏற்பாட்டில் விநியோக மரம் வேரிலிருந்து வளர்வதில்லை. ஒவ்வோர் இலையும் கேட்கக் கேட்க, இலையிலிருந்து வேரை நோக்கி வளர்கிறது. கேட்பவர் கேட்பதை நிறுத்திவிட்டால் அந்தக் கிளை தானாகவே உதிர்ந்துவிடும்.

இந்தக் கற்பனை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ஸ்டீவ் டீரிங் என்பவருடையது. அவரும் அவருடைய வழிகாட்டி டேவிட் செரிட்டனும் 1985இல் இதன் முதல் வரைவை வெளியிட்டார்கள். 1989இல் டீரிங் எழுதிய ஆர்எஃப்சி 1112 என்ற ஆவணம் இன்றும் இதன் அடிப்படை. 1992 மார்ச்சில் சான் டியேகோவில் நடந்த இணையப் பொறியாளர் கூட்டத்தின் பேச்சுகளை மூன்று கண்டங்களில் 20 இடங்களில் இருந்தவர்கள் இந்த முறையில் நேரடியாகக் கேட்டார்கள். 1994 நவம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் டல்லாஸ் நிகழ்ச்சியின் சில பாடல்கள் இதே வழியில் ஒலிபரப்பாயின. உலகம் முழுவதும் ஒரே குரலை ஒரே பிரதியில் கேட்கப்போகிறது என்று அன்று நம்பியவர்கள் பலர்.

இந்த நம்பிக்கையோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு சில்லறைக் கதையும் உண்டு. குழு முகவரிகளை வன்பொருள் முகவரிகளோடு முழுமையாகப் பொருத்த டீரிங்குக்கு 16 தொகுதிகள் தேவைப்பட்டன. ஒரு தொகுதியின் விலை 1000 டாலர். நிதியைக் கையில் வைத்திருந்த ஜான் போஸ்டல் ஒரு தொகுதி மட்டும் வாங்கி, அதிலும் பாதியைத்தான் கொடுத்தாராம். அதன் விளைவாக இன்றைக்கும் 32 வெவ்வேறு குழுக்கள் ஒரே வன்பொருள் முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது.

இனி எங்கள் கதை. நாங்கள் நால்வர். ஒப்பந்த அடிப்படையில் வலைப்பின்னல்களைப் பராமரிப்பது எங்கள் தொழில். எங்கள் பொறுப்பில் இருந்த இடங்களில் ஒன்று பெரிய மருத்துவமனை, பெயர் வேண்டாம். அங்கே அவசர அறிவிப்புகளுக்காக ஒவ்வொரு வார்டிலும் சுவரில் ஒரு ஸ்பீக்கர் பொருத்தியிருந்தார்கள். பழைய நாளின் நீளமான ஸ்பீக்கர் வயர்கள் இல்லை. கணினிக்கு வருவது போன்ற கேபிளே அதற்கும் வரும். ஒரு நோயாளியின் இதயம் நின்றுவிட்டால் தொலைபேசி அறையில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்தி 'கோட் ப்ளூ' என்று வார்டு எண்ணைச் சொல்வார். அந்தக் குரல் 239 என்று தொடங்கும் ஒரு குழு முகவரிக்கு மல்டிகாஸ்ட்டாகப் போகும். அந்தக் குழுவில் சேர்ந்திருக்கும் ஸ்பீக்கர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்கும். எந்தெந்த வார்டிலிருந்து யார் யார் ஓடிவர வேண்டும் என்ற பட்டியல் செவிலியர் அறைகளில் ஒட்டப்பட்டிருக்கும்.

ஓர் இரவு இரண்டாம் மாடியில் ஒருவருக்கு இதயம் நின்றது. அறிவிப்பு கொடுக்கப்பட்டது. மற்ற மாடிகளிலிருந்து வர வேண்டியவர்கள் வந்தார்கள். மூன்றாம் மாடியிலிருந்து டிராலியோடு வர வேண்டிய செவிலியர் மட்டும் வரவில்லை. யாரோ ஒருவர் மாடியேறி ஓடி அழைத்த பிறகே வந்தார். அந்த நோயாளி பிழைத்துக்கொண்டார். அதனால்தான் விஷயம் ஒரு மெமோவோடு நின்றது. 'பணி நேரத்தில் அவசர அறிவிப்பைக் கவனியாதிருந்தமைக்கு விளக்கம் தருக' என்பது அதன் சாரம். இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர் அந்தச் செவிலியர். ஸ்பீக்கர் ஒலிக்கவில்லை என்று விளக்கம் எழுதிக் கொடுத்தார். அதை நம்ப யாருக்கும் காரணம் இருக்கவில்லை. மறுநாள் காலை ஒரு டெக்னீஷியன் அதே ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்த்தார், கணீரென்று ஒலித்தது.

எங்களிடம் இந்த விஷயம் வந்தது நேர்வழியில் அல்ல. வேறொரு வேலையாக மூன்றாம் மாடிக்குப் போயிருந்தபோது அந்தச் செவிலியரே எங்களை நிறுத்தினார்.

"தம்பி, நீங்கதானே இந்த லைனெல்லாம் பார்க்கிறவங்க? இந்த ஸ்பீக்கர் பகல்ல பேசுது, ராத்திரி பேச மாட்டேங்குது. சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க."

"ராத்திரி மட்டுமா சிஸ்டர்?"

"ஆள் வந்து பார்த்தா பேசும். ஆள் போயிட்டா பேசாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

பேய்க்கதையைப் போல ஒலித்த இந்த வாக்கியம் முழுக்க முழுக்கச் சரியானது என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. பழுதுப் பதிவேட்டைப் புரட்டினோம். சம்பவத்துக்கு முந்தைய வாரங்களில் அதே ஸ்பீக்கர் பற்றி இரண்டு புகார்கள் இருந்தன. இரண்டையும் எழுதியவர் அவரே. இரண்டுக்கும் எதிரே 'சோதிக்கப்பட்டது, சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்து இடப்பட்டிருந்தது. ஸ்பீக்கர் பழுதென்று புகார் வந்தால் டெக்னீஷியன் முதலில் செய்வது அதன் இணைப்பைப் பிடுங்கி மறுபடி செருகுவது. பிறகு தொலைபேசி அறையை அழைத்து, 'ஒரு டெஸ்ட் கொடுங்க' என்பார். ஒலிக்கும். கையெழுத்திட்டுவிட்டு இறங்கிவிடுவார். அவரிடம் குறை சொல்ல எதுவுமில்லை. யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

நாங்களும் முதலில் அதையேதான் செய்தோம். பிடுங்கிச் செருகினோம், ஒலித்தது. அந்த வேளையில் தேநீர் வந்தது. குடித்து முடித்த பின், போகுமுன் மீண்டும் ஒரு முறை சோதிக்கலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். இம்முறை சுவரிலிருந்து எந்த ஓசையும் வரவில்லை. மறுபடி பிடுங்கிச் செருகினோம், ஒலித்தது. இதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்த்தபடி அரை நிமிடத்துக்கு ஒரு சோதனை அறிவிப்பு கொடுக்கச் சொன்னோம். நான்கு நிமிடம் வரை ஒலித்தது. நான்கரையில் இல்லை. மூன்றாம் முறை, நான்கு நிமிடத்துக்குப் பின் ஐந்து விநாடிக்கு ஒரு முறை. நான்கு நிமிடம் இருபது விநாடியில் குரல் நின்றது. இருநூற்று அறுபது விநாடிகள். அந்த எண்ணைக் கண்டதும் மேற்கொண்டு தேட வேண்டியிருக்கவில்லை; எங்கள் தொழிலில் அது தெரிந்த எண்.

அதன் கணக்கைச் சொல்லிவிடலாம். குழுவில் சேர்ந்த ஒருவர் எப்போதும் அதில் இருப்பார் என்று வலைப்பின்னல் நம்புவதில்லை. சந்தா புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்காக ரௌட்டர் 125 விநாடிக்கு ஒரு முறை, 'இந்தக் குழுவைக் கேட்பவர் யாராவது இருக்கிறீர்களா?' என்று வினவும். கேட்பவர்கள் 10 விநாடிக்குள் 'இருக்கிறேன்' என்று பதில் சொல்ல வேண்டும். ஒரு வினா வழியில் தொலைந்து போகலாம் என்பதால் இரண்டு வினாக்களுக்குப் பொறுத்திருப்பார்கள். இரண்டு முறை 125, அதனுடன் 10, ஆக 260. அதற்குள் பதில் வராவிட்டால் அங்கே யாருமில்லை என்று பெயர் அடிக்கப்படும். ஐஜிஎம்பி எனப்படும் இந்த ஒழுங்குமுறையின் 1997ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே இயல்பான அளவுகள் இவைதாம்.

மூன்றாம் மாடியில் நடந்தது இதுதான். சில மாதங்களுக்கு முன் அந்த மாடியின் பழைய ஸ்விட்சை வேறொரு ஒப்பந்ததாரர் மாற்றியிருந்தார். பழைய ஸ்விட்ச் வெகுளியானது. குழுச் செய்தி எது வந்தாலும் எல்லாத் துளைகளிலும் தண்டோரா போட்டுவிடும். புதியது விவரமானது, யார் கேட்டார்களோ அவர்களுக்கு மட்டும் அனுப்பும். ஸ்பீக்கர் உயிர்பெற்றதும் 'நான் சேர்கிறேன்' என்று ஒரு முறை சொல்லும். ஸ்விட்ச் அதைக் குறித்துக்கொள்ளும். அதன்பின் 'இருக்கிறாயா?' என்ற வினா வந்தால் ஸ்பீக்கர் பதில் சொல்லும். ஆனால் வினவுகிறவர் அந்தக் கட்டடத்தில் யாருமில்லை. அறிவிப்பு சர்வரும் ஸ்பீக்கர்களும் ஒரே வலைக்குள் இருந்ததால் அங்கே மல்டிகாஸ்ட் ரௌட்டர் தேவைப்பட்டிருக்கவில்லை. ரௌட்டர் இல்லாததால் வினாவும் இல்லை. ஸ்பீக்கர் கேட்கக் காத்திருந்தது. ஸ்விட்ச் பதிலுக்குக் காத்திருந்தது. இருநூற்று அறுபதாவது விநாடியில் ஸ்விட்ச் ஸ்பீக்கரின் பெயரை அடித்தது. ஸ்பீக்கருக்கு அது தெரியாது. அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிங் செய்தால் உடனே பதில் தந்தது. மற்ற மாடிகளில் பழைய ஸ்விட்சுகளே இருந்ததால் அங்கெல்லாம் அறிவிப்பு ஒலித்தது.

இதில் யாருடைய பிழை என்று எதைச் சொல்வது? புதிய ஸ்விட்ச் ஆலையிலிருந்து வந்த அமைப்போடு ஒழுங்காக வேலை செய்தது. ஸ்பீக்கர் விதிப்படி நடந்தது. டெக்னீஷியன் சோதித்தார். ஒரு சாதாரண ஸ்பீக்கரின் இயல்பு நிலையே மௌனம் என்பதுதான் இங்கே சிக்கல். தொலைக்காட்சி அணைந்தால் பார்ப்பவர் கத்துவார். அவசர அறிவிப்பு ஸ்பீக்கர் நாள் முழுதும் பேசாமல் இருப்பதே நல்ல நாளின் அடையாளம். அது பேசாமல் இருப்பதும் பேச முடியாமல் இருப்பதும் காதுக்கு ஒன்றே.

திருத்தம் ஒரே வரி. வினவும் வேலையை மைய ஸ்விட்சிடம் ஒப்படைத்தோம். பிறகு நாங்களும் செவிலியரும் ஸ்பீக்கருக்குக் கீழே நின்றோம். நான்கு நிமிடம் இருபது விநாடி கடந்தது. ஐந்து கடந்தது. பத்தாவது நிமிடத்தில் சோதனை அறிவிப்பு வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம் மேசைக்குப் போய், மெமோவின் நகலை எடுத்துவந்து எங்களிடம் கொடுத்தார்.

அதுவரை அது எங்களுக்கு ஒரு பழுது. அந்தக் காகிதத்தைப் படித்த பிறகுதான் எங்கள் வேலை முடியவில்லை என்று புரிந்தது. ஸ்பீக்கர் சரியாகிவிட்டது, ஆனால் சரியாகிவிட்ட ஸ்பீக்கர் அவருக்கு எதிரான சாட்சியே. 'இதோ பேசுகிறதே' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பழுதைத் திருத்தியதன் மூலம் அதன் தடயத்தை அழித்தவர்கள் ஆகக்கூடாது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். இரண்டு பக்க அறிக்கை எழுதினோம். முதல் பக்கத்தில் கலைச்சொல் ஒன்றுகூட வராமல் பார்த்துக்கொண்டோம். சோதனை நேரங்களை அட்டவணையாக இணைத்தோம். பதிவேட்டில் இருந்த அவருடைய இரண்டு புகார்களையும் தேதியோடு குறிப்பிட்டோம். அத்துடன், கூட்ட அறையில் நேரில் செய்து காட்ட அனுமதி கேட்டோம்.

அதே வகை ஸ்விட்ச் ஒன்று, உபரி ஸ்பீக்கர் ஒன்று, மேசை மேல் ஒரு மடிக்கணினி. நிர்வாக அலுவலரும் செவிலியர் கண்காணிப்பாளரும் இன்னும் இருவரும் அமர்ந்திருந்தார்கள். வினவுபவர் இல்லாத பழைய அமைப்பை அப்படியே உண்டாக்கினோம். ஸ்பீக்கரைச் செருகியதும் ஒரு குரலை ஒலிக்க விட்டோம். "நல்லாத்தானே பேசுது?" என்றார் ஒருவர். "கொஞ்சம் பொறுங்க சார்" என்றோம். நான்கு நிமிடம் இருபது விநாடி என்பது ஒரு கூட்ட அறையில் எவ்வளவு நீளமானது என்று அன்று தெரிந்துகொண்டோம். ஒருவர் கைபேசியைப் பார்த்தார். மற்றவர் சன்னலைப் பார்த்தார். கண்காணிப்பாளர் மட்டும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் ஒரு சொல்லின் நடுவில் நின்றது. மடிக்கணினி அனுப்பிக்கொண்டே இருந்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சற்று நேரம் கழித்துக் கண்காணிப்பாளர், "அவங்க ரெண்டு தடவை எழுதியிருக்காங்க" என்றார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மெமோ திரும்பப் பெறப்பட்டதாகக் கோப்பில் ஒரு வரி எழுதப்பட்டது என்று பின்னர் அறிந்தோம். வருத்தம் தெரிவித்து எதுவும் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

இதற்குப் பிறகு நாங்கள் ஓர் ஏற்பாடு செய்தோம். மல்டிகாஸ்ட்டில் அனுப்புகிறவரைக் கண்காணித்துப் பயனில்லை. கேட்கிறவரைத்தான் கண்காணிக்க வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் கைக்கடக்கமான ஒரு சிறு கணினியை வைத்து, அதையும் ஒரு ஸ்பீக்கரைப்போல, சோதனைக்கென்று ஒதுக்கிய ஒரு குழுவில் சேர்த்தோம். அறிவிப்பு சர்வரிலிருந்து பத்து விநாடிக்கு ஒரு முறை ஒலியற்ற ஒரு பாக்கெட் அந்தக் குழுவுக்குப் போகும். ஒரு நிமிடம் அது வராவிட்டால் அந்தக் கணினி எங்கள் கைபேசிக்குத் தகவல் அனுப்பும். செலவு சொற்பம். மௌனத்தைக் கேட்பதற்கென்று ஒரு காது, அவ்வளவுதான்.

அந்தக் காது சில மாதங்களில் வேலைக்கு வந்தது. மருத்துவமனை அருகில் புதிய கட்டடம் ஒன்றைத் திறந்தது. அதற்கென்று தனி ரௌட்டர். பழைய கட்டடத்திலிருந்து ஒரு கிகாபிட் ஃபைபர் ஒன்றின் வழியே மல்டிகாஸ்ட் அங்கே போய்க்கொண்டிருந்தது. ஓர் இரவு இரண்டு மணிக்குமேல் புதிய கட்டடத்தின் எல்லா மாடிகளிலிருந்தும் ஒருசேரத் தகவல் வந்தது: எதுவும் கேட்கவில்லை. தொலைபேசியில் பேசி, ஆளனுப்பிச் செய்தி சொல்லும்படி இரவுப் பணியில் இருந்தவர்களிடம் ஏற்பாடு செய்துவிட்டு நாங்கள் கிளம்பினோம்.

இம்முறை நான்கு நிமிடக் கணக்கு இல்லை. ஒரு விநாடிகூட ஒலிக்கவில்லை. ஆனால் மற்ற எல்லாம் வேலை செய்தன. கணினிகள், தொலைபேசிகள், ஆய்வகத்தின் முடிவுகள், எக்ஸ்ரே படங்கள் எல்லாம் முன்னைவிட வேகமாகவே வந்தன. அந்த 'முன்னைவிட' என்ற சொல்லில்தான் விடை இருந்தது.

இதை விளங்கிக்கொள்ள மறுபடி நம் முகவரிடம் போக வேண்டும். நகலெடுத்து அனுப்பும் முறையில் ஓர் ஆபத்து உண்டு. தேனி முகவர் மதுரைக்கு நகல் அனுப்ப, மதுரை முகவர் அதைப் புதியதென்று நினைத்துத் தேனிக்கு நகல் அனுப்ப, சில நிமிடங்களில் பேருந்துகள் எல்லாம் ஒரே இதழால் நிரம்பிவிடும். இதைத் தடுக்க ஓர் எளிய விதி உண்டு. முகவர் ஒவ்வொருவரும் தம்மிடம் வரும் பிரதியைப் பார்த்து ஒரே கேள்வி கேட்க வேண்டும்: 'நான் இங்கிருந்து அச்சகத்துக்குப் போவதானால் எந்தப் பேருந்தில் போவேன்? இது அந்தப் பேருந்தில்தான் வந்ததா?' ஆம் என்றால் ஏற்கலாம். இல்லையென்றால் பிரித்துப் பார்க்காமலே எறிந்துவிட வேண்டும். செய்தி எங்கே போகிறது என்பதை வைத்து வழி தேடுவதே வலைப்பின்னலின் பொது வழக்கம். எங்கிருந்து வந்தது என்பதை வைத்துத் தீர்மானிப்பது இங்கே மட்டும்தான். திரும்பும் வழிச் சோதனை என்று இதைச் சொல்லலாம். மும்பை ஐஐடியில் படித்த யோகேன் தலாலும், ஈதர்நெட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் மெட்காஃபும் 1978இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தக் கருத்து இருக்கிறது.

அன்றிரவு வேறொரு குழுவினர் இரு கட்டடங்களுக்கும் இடையே இரண்டாவது ஃபைபர் ஒன்றை இணைத்திருந்தார்கள். பழையது அறுந்தால் உதவும் என்பது நோக்கம். புதியது பத்து கிகாபிட். வழி தேடும் நிரல் தன் கடமையைச் செய்தது. வேகமான புதிய பாதையைத் தேர்ந்தெடுத்தது. ஆக, புதிய கட்டடத்து ரௌட்டர் அச்சகத்துக்குப் போகும் வழி இனி புதிய ஃபைபர்தான். மல்டிகாஸ்ட் வேண்டுகோள்களைச் சுமக்கும் 'பிம்' என்ற நெறிமுறையோ பழைய ஃபைபரில் மட்டுமே இயங்கியது. பழைய வழியில் கேட்கக்கூடாது என்றது விதி. புதிய வழியில் கேட்டால் புரிந்துகொள்ள அங்கே யாருமில்லை.

நாங்கள் கேட்பவரிடமிருந்து தொடங்கி வேரை நோக்கி நடந்தோம். மல்டிகாஸ்ட் பழுதுகளில் அனுப்புபவரிடமிருந்து தொடங்கினால் ஒவ்வொரு திருப்பத்திலும் வழி பிரிந்துகொண்டே போகும். கேட்பவரிடமிருந்து தொடங்கினால் மேலே போக ஒரே வழிதான். ஸ்பீக்கர் கேட்டதா? கேட்டது. ஸ்விட்ச் குறித்துக்கொண்டதா? குறித்துக்கொண்டது. ரௌட்டரின் பட்டியலில் குழுவின் பெயர் இருக்கிறதா? இருக்கிறது. இந்தக் குழுவுக்காக நீ மேலே யாரிடம் கேட்கிறாய்? அந்த இடத்தில் அண்டை ரௌட்டரின் முகவரி இருக்க வேண்டும். இருந்தது 0.0.0.0. நான்கு சுழிகள். அது பிழைச் செய்தி அல்ல, எச்சரிக்கை அல்ல, சிவப்பு நிறத்திலும் இல்லை. மேலே எனக்கு யாருமில்லை என்பதை ரௌட்டர் எந்தப் புகாரும் இன்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் இருந்தன. மல்டிகாஸ்ட்டுக்கு மட்டும் பழைய ஃபைபரே வழி என்று கையால் எழுதிவைப்பது ஒன்று. உடனே வேலை செய்யும். ஆனால் நாளை பழைய ஃபைபர் அறுந்தால், மற்ற எல்லாம் புதியதன் வழியே தடையின்றி ஓட, அவசர அறிவிப்பு மட்டும் மீண்டும் ஊமையாகும். எந்த நாளுக்காக இரண்டாவது ஃபைபர் போடப்பட்டதோ அந்த நாளில் அது உதவாது. எனவே புதிய ஃபைபரின் இரு முனைகளிலும் பிம் நெறிமுறையை இயக்கினோம். முனைக்கு ஒரு வரி. ரௌட்டர்கள் ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லிக்கொண்டன. நான்கு சுழிகள் இருந்த இடத்தில் ஒரு முகவரி வந்தது. பிறகு பழைய ஃபைபரைப் பிடுங்கிச் சோதித்தோம். அதைச் செருகிவிட்டுப் புதியதைப் பிடுங்கிச் சோதித்தோம். விடிவதற்குள் எல்லா மாடிகளும் கேட்கத் தொடங்கிவிட்டன.

முதல் பழுதைவிட இது பெரியது. ஒரு மாடி அல்ல, ஒரு கட்டடமே செவிடாயிருந்தது. ஆனாலும் இம்முறை யாருக்கும் மெமோ வரவில்லை. வித்தியாசம் எங்கள் திறமையில் இல்லை. முதல் முறை, கேட்கவில்லை என்று சொன்னவர் ஒரு மனிதர். அவருடைய சொல் ஒரு டெக்னீஷியனின் கையெழுத்துக்கு முன் நிற்கவில்லை. இரண்டாம் முறை அதையே ஓர் இயந்திரம் சொன்னது. உடனே நாங்கள் கிளம்பினோம். இது எங்களுக்குப் பெருமை தரும் செய்தி அல்ல. இருந்தாலும் அடுத்த முறை ஒரு மனிதர் வந்து 'ஆள் போனால் பேசுவதில்லை' என்று சொன்னால், அந்த வாக்கியத்தை ஓர் அளவீடாக எடுத்துக்கொள்ளப் பழகியிருக்கிறோம். அவர் சொன்னதில் எங்கள் அட்டவணையில் உள்ள எல்லாமே இருந்தது. விநாடிக் கணக்கு ஒன்றுதான் இல்லை.

டீரிங்கின் கனவு திறந்த இணையத்தில் நிறைவேறவில்லை. ஒரே பிரதியை எல்லோரும் பகிர்வதானால் வழியில் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் ஒத்துழைக்க வேண்டும். கணக்கை யார் யாருக்குத் தீர்ப்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பேசலாம் என்ற பழைய வகை மல்டிகாஸ்ட்டை வலைப்பின்னல்களுக்கு இடையே இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று 2020இல் ஆர்எஃப்சி 8815 பரிந்துரைத்தது. ஆனால் மதில்களுக்கு உள்ளே அது வாழ்கிறது. கேபிள் இல்லாத் தொலைக்காட்சி இணைப்புகளில், மருத்துவமனைகளில், பங்குச் சந்தைகளில். பங்குச் சந்தையில் அதன் பயன் வேறு விதமானது. விலைத் தகவலை ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதமாக அனுப்பினால் யாராவது ஒருவர் வரிசையில் முதலாவதாக நிற்பார். இந்திய தேசியப் பங்குச் சந்தையின் பழைய ஏற்பாட்டில் தகவல் இப்படி ஒருவர்பின் ஒருவராகப் போனதைப் பற்றி 2019 ஏப்ரலில் செபி பிறப்பித்த ஆணை விரிவாகவே பேசுகிறது. மல்டிகாஸ்ட்டில் அனுப்புபவரின் கையில் வரிசை என்பதே இல்லை. ஒரே பிரதி எல்லோருக்குமாகப் புறப்படுகிறது.

சமமாகக் கொடுக்கும் இந்த முறையின் மறுபக்கம், கொடுப்பவருக்கு வாங்குபவரைத் தெரியாது என்பது. யாராவது ஒருவர் சீரான இடைவெளியில் 'இருக்கிறீர்களா?' என்று கேட்டுக்கொண்டிருந்தால்தான் இது நிலைக்கும். கேட்பதை நிறுத்திவிட்டால், இருப்பவரும் இல்லாதவர் கணக்கில் சேர்ந்துவிடுவார். அந்த மருத்துவமனையின் மைய ஸ்விட்ச் இப்போதும் 125 விநாடிக்கு ஒரு முறை எல்லா மாடிகளையும் அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கர்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. வார்டில் இருப்பவர்களுக்கு இதில் எதுவும் காதில் விழாது.